கண்டக்டர் வீட்டில் நான் சொன்ன ஒரு வார்த்தை

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "வீட்டுக்குள்ள போனதும் மொதல்ல என்ன சொல்லணும்க்கா?" எனக்கு அதற்குப் பதில் தெரியாது. எதைச் சொல்லக் கூடாது என்று மட்டும் தெரியும். ஒரு வீட்டில் அதைச் சொல்லிவிட்டு, ஒரு பையனைத் தேடி ஐந்து நாள் அலைந்துதான் தெரிந்துகொண்டேன்.

நம் வேலையைப் பற்றி வெளியாட்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியாது. படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு போன நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே மனம் ஒடிந்து படுத்துவிட்டால், அந்த ஊரில் இருக்கிற நம் தமிழ்த் தொண்டர்கள் பக்கத்தில் போய் உட்காருவார்கள். டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். சங்கரன்கோவிலில் இருக்கும் நாம் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போகிறோம். ஒரு நூலின் இரண்டு நுனி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நுனியை நான் ஒருமுறை வெடுக்கென்று இழுத்துவிட்டேன்.

அப்போது நான் இந்த வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் நோயின் பெயரைச் சொல்லும் பழக்கம் கூடவே வந்திருந்தது. அதைத் திறமை என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டொராண்டோவுக்குப் பக்கத்திலிருந்து தர்ஷினி பேசினாள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். என் மகளைவிடச் சின்னவள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது சங்கர் என்ற பையனை. நம் ஊர்க்காரன். இங்கே இன்ஜினியரிங் முடித்து, அங்கே கல்லூரியில் சேர்ந்திருந்தான். ஆறேழு மாதமாக வகுப்புக்குப் போகவில்லை. சாமான் கிடங்கில் பார்த்த வேலைக்கும் போகவில்லை. கேட்டால் தலைவலி என்பான், நெஞ்சு எரிகிறது என்பான். வேறு ஒன்றுமில்லை என்பான்.

"நான் ஒண்டு கேட்டால் அவர் வேற ஒண்டு விளங்கிக்கொள்ளுறார் அன்ரி," என்றாள் தர்ஷினி. "மனசு விட்டுக் கதையுங்கோ எண்டு சொன்னன். 'நான் கதையெல்லாம் விடலக்கா, நெசமாத்தான் தல வலிக்கு' எண்டு கோவிச்சிட்டார்."

இருவரும் பேசுவது தமிழ்தான்; அவளுக்குக் கதைப்பது என்றால் பேசுவது, நம் ஊரில் கதை விடுவது என்றால் பொய் சொல்வது. ஆனாலும் நடுவில் ஒரு பாலம் தேவைப்பட்டது. வீட்டில் யாரிடமாவது பேசலாமா என்று அவள் கேட்டதற்கு, "அம்மாட்ட மட்டும்" என்றானாம். அந்த 'மட்டும்' என்ற சொல்லைத் தர்ஷினி என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். நானும் சரி சரி என்றேன்.

வீடு கழுகுமலை ரோட்டுப் பக்கம். அப்பா ஆறுமுகம், வாசுதேவநல்லூர் வழியாக ராஜபாளையம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். அம்மா பேச்சியம்மாள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட், சட்டை தைப்பவர். நான் போன சாயங்காலம் அந்த அம்மா தைத்த துணியைக் கொடுக்க வெளியே போயிருந்தார். டூட்டி முடிந்து வந்த கண்டக்டர் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"மவனப் பத்தியா? எங்கிட்டயே சொல்லுங்க. நான்தான அப்பன்," என்றார்.

காத்திருந்திருக்கலாம். நாளைக்கு வருகிறேன் என்று எழுந்திருக்கலாம். ஆனால் அன்று இன்னும் ஒரு வீடு போக வேண்டியிருந்தது. அவரும் கண்ணைப் பார்த்துக் கேட்டார். நான் சொல்லிவிட்டேன். பையனுக்கு டிப்ரஷன் மாதிரி இருக்கிறது என்றேன். அவர் முகத்தைப் பார்த்து, புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "மனநோய் அண்ணாச்சி. மருந்து இருக்கு, பயப்படாதீய," என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

மருந்து, பயம் என்ற இரண்டு வார்த்தையும் அவர் காதில் ஏறவில்லை. ஏறியது முதலில் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான்.

"என் மவன் கிறுக்கன்னா சொல்லுதீய?" என்றார் மெதுவாக. நான் பதில் சொல்வதற்குள் செல்போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டுவிட்டார். அங்கே காலை நேரம். சங்கர் எடுத்தான். தாடி வளர்ந்த முகம்.

"ஏலே, நர்ஸம்மா வந்திருக்காவ. ஒனக்கு மனநோயாம்ல. ஒனக்கு என்னல கொற வச்சோம்? படிச்சது போதும், கெளம்பி வால."

சொல்லிக்கொண்டே போனை என் பக்கம் திருப்பினார். அந்தப் பையன் என்னை ஒரு கணம் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ எதிர்பார்த்தது நடந்துவிட்டது போல் பார்த்தான். திரை அணைந்தது.

மறுநாள் தர்ஷினி கூப்பிட்டாள். "அன்ரி, சங்கர் என்னை ப்ளாக் பண்ணிட்டார். வீட்டில என்ன நடந்தது?"

நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டாள். பிறகு, "அந்தச் சொல்லை நீங்கள் ஆருக்காகச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் என்னால் சமாளிக்க முடியவில்லை. அவனுக்காகச் சொல்லவில்லை. அவன் அப்பாவுக்காகவும் இல்லை. எனக்குத் தெரியும் என்று காட்டுவதற்காகச் சொன்னேன். இத்தனை வருஷ வேலையில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

அடுத்தடுத்த நாட்களில் அப்பா கூப்பிட்டாலும் அவன் எடுக்கவில்லை. அம்மா கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. தர்ஷினி அவன் முன்பு இருந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அவன் காலி செய்து போய் ஒரு மாதமாகிறது என்றார்கள். அந்த ஒரு மாதமும் அவளோடு போனில் மட்டும்தான் பேசியிருந்தான். புது முகவரி கல்லூரியில் இல்லை. வேலை பார்த்த இடத்திலும் இல்லை.

ஐந்தாவது நாள் சாயங்காலம், அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். திட்டு வாங்கத்தான் போனேன். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராத்திரி டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். பேச்சியம்மாள் திட்டவில்லை. மகனுடைய பழைய சட்டை ஒன்றை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் கோயிலுக்குப் போறேன். வாரீயளா?" என்றார்.

நம் ஊரில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் சக்கரம் பதித்த அந்தக் குழியில், மனசு சரியில்லாதவர்களை உட்கார வைப்பார்கள். நர்ஸாக இருந்த காலமெல்லாம் எனக்கு அந்த இடத்தின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவர்களை இங்கே கொண்டுவந்து நாளைக் கடத்துகிறார்களே என்று பலரோடு வாதாடியிருக்கிறேன். அன்றைக்கு எதுவும் பேசாமல் கூடப் போனேன். பேசும் தகுதியை இழந்திருந்தேன் என்பதுதான் காரணம்.

பேச்சியம்மாள் மகனுக்குப் பதிலாகத் தானே அதில் உட்கார்ந்தார். சட்டையை மடியில் விரித்து, காலரைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார். எழுந்து வந்து பிரகாரத்தில் தூணோரம் அமர்ந்தோம்.

"என்ன வேண்டிக்கிட்டீய?" என்று கேட்டேன்.

"வேற என்ன, அவன் காலம்பற எந்திரிச்சுப் பல்லு வெளக்கணும்னு கேட்டேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். படுக்கையை விட்டு எழ முடியாதிருப்பது, குளிக்காமல் கிடப்பது, இதெல்லாம் நான் தர்ஷினியிடம் கேட்டு எழுதி வைத்திருந்த குறிப்புகள். இந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீடியோவுல பேசயில அவன் சட்டையப் பாத்துத்தான். அவன் போட்டிருக்கது பூரா நான் தச்சது. கழுத்தளவு எனக்குத் தெரியாதா? மாசிக்கு முன்னாடி ஒரு வெரலு போற மாதிரி இருந்துச்சு. இப்ப ரெண்டு வெரலு போவுது. ஒரே சட்டையதான் நாலஞ்சு நாளு போட்டிருந்தான். கேட்டா நல்லா இருக்கேம்மாங்கான்." சட்டையை மறுபடி மடித்தார். "அவுக அப்பா சொல்லுத மாதிரி அது கிறுக்கு இல்ல நர்ஸம்மா. ஏக்கம். சின்னப் புள்ளையள விட்டுட்டு ஊருக்குப் போனா ஏங்கிப்போயி காய்ச்ச வரும்லா. அந்த மாதிரிதான். பெரிய புள்ளைக்கு வரக்கூடாதா என்ன?"

இத்தனை நாளும் நாங்கள் தேடிக்கொண்டிருந்த சொல் அந்த வீட்டுத் தையல் மிஷின் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நான் உள்ளே போய் என் சொல்லைக் கொட்டினேனே தவிர, அவர்களிடம் என்ன சொல் இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

"அவன் கூட இருக்கவங்க யாரையாவது தெரியுமாம்மா?" என்றேன்.

"ஒரு சிங்குப் பையன் உண்டு. தலப்பாக் கட்டு. சங்கரு போன்ல சார்ஜ் இல்லன்னு ஒருவாட்டி அவன் போன்ல இருந்து கூப்பிட்டான். அந்த நம்பர நான் எழுதி வச்சிருக்கேன்."

"ஏம்மா, இத மொதல்லயே..."

"யாரும் கேக்கலியே," என்றார்.

வீட்டுக்கு ஓடி வந்து, தையல் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து அந்த நம்பரை எடுத்துத் தர்ஷினிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவள் கூப்பிட்டாள். அந்தப் பஞ்சாபிப் பையனிடம் பேசிவிட்டாள். சங்கர் அவனோடுதான் இருக்கிறான். அறையை விட்டு வருவதில்லை. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது; சற்று முன் சங்கர் தண்ணீர் குடிக்க எழுந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

"அன்ரி, பொலிசுக்குச் சொல்லட்டோ? இல்லாட்டி நான் போகட்டோ?"

இதற்குப் புத்தகத்தில் ஒரு பதில் இருக்கும். ஆனால் விசாவில் இருக்கும் பையன். வாசலில் போலீஸைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியும். போலீஸ் போகாமல் ஏதாவது ஆகிவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். எதிரில் பேச்சியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "நீ இப்பவே போ, நாளைக்குன்னு வைக்காத. தனியாப் போகாத. சாகணும்னு தோணுதான்னு நேராக் கேளு, சுத்தி வளைக்காத. ஆமான்னு சொன்னாலோ, கதவத் தெறக்கலன்னாலோ, அப்புறம் என்னையக் கேக்க வேண்டாம். ஒடனே அவசர உதவியக் கூப்பிட்டுரு. விசாவ அப்புறம் பாத்துக்கலாம்."

சரியான முடிவுதானா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நீங்களும் யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து தர்ஷினி பேசியிருக்கிறாள். முதலில் கதவு திறக்கவில்லை. பிறகு அவன் அம்மா சொன்ன சொல்லை அப்படியே சொன்னாளாம்: "அம்மா இதை ஏக்கம் எண்டு சொல்லுறா சங்கர். உங்களுக்குக் கிறுக்கு இல்லையாம். ஏக்கமாம்." கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அவன் நின்றுகொண்டே அழுதானாம். சாகும் எண்ணம் உண்டா என்று கேட்டபோது, "ராத்திரி படுத்தா காலைல எந்திரிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணும்க்கா, அவ்வளவுதான்," என்றானாம். அந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயமில்லை என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

ஏக்கம் என்ற சொல் கதவைத் திறந்தது, உண்மை. ஆனால் அந்தச் சொல்லோடு நாம் நின்றுவிட முடியாது. உள்ளே நோய் இருந்தது. மாத்திரை வேண்டியிருந்தது. வாராவாரம் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. பேச்சியம்மாள் இரண்டையும் ஏற்றுக்கொண்டார். சங்கர் டாக்டரிடம் போகும் நாளில் இங்கே அவரும் அம்மன் சந்நிதிக்குப் போவார். நான் அதைக் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தேன்.

கண்டக்டர்தான் ஒடுங்கிப் போய்விட்டார். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தினார். "அவன்ட்ட என்ன பேசணும்னு தெரியல. எனக்கு எங்க போணும்னு கேக்கத் தெரியும். வேற ஒண்ணும் கேக்கத் தெரியாது," என்றார்.

"கேக்க வேண்டாம் அண்ணாச்சி. எதையாவது சொல்லுங்க. பதில் சொல்லணும்னு இல்லாத எதையாவது."

அவர் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பக் கற்றுக்கொண்டார். ராஜபாளையத்தில் வண்டி நிற்கும் கால் மணி நேரத்தில் பேசுவார். முதல் பதிவை அனுப்பும் முன் எனக்குப் போட்டுக் காட்டினார்:

"சங்கரு. அப்பா பேசுதேன். ராஜபாளையத்துல நிக்கேன். இன்னைக்குக் கூட்டமில்ல. வாசுதேவநல்லூர்ல ஒருத்தன் பையிக்குள்ள கோழிய ஒளிச்சு வச்சு ஏறிட்டான். துணிதான் துணிதான்னு சாதிக்கான். சிவகிரி தாண்டுனதும் துணி கூவிட்டு. சரி. வைக்கேன்."

தினமும் ஒன்று போயிற்று. நீல டிக் விழும். பதில் வராது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைப்பட்டதில்லை. மூன்று வாரம் கழித்து, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஜன்னல் வழியாகப் போனை என்னிடம் நீட்டினார். திரையில் ஒரே ஒரு வரி: 'அந்தக் கோழிக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டாப்பா?'

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'குட்மா' என்பாள். அதற்கு மேல் கேட்டால், "என்ட்ட நர்ஸ் மாதிரிப் பேசாதம்மா" என்பாள். கண்டக்டரைப் பார்த்த பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன். பூ மார்க்கெட்டில் யாரைப் பார்த்தேன், எதிர்வீட்டில் என்ன குழம்பு வாசம் என்று பேசி அனுப்புகிறேன். சில நாள் நீல டிக் மட்டும் வரும். அதைத் திறந்து இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டுப் படுப்பேன். ஊரார் வீட்டுக்குள் போய்ப் பேசத் தெரிந்த எனக்கு, என் பிள்ளையின் கதவு எந்தச் சொல்லுக்குத் திறக்கும் என்று இன்னும் தெரியவில்லை.

மறு வருஷம் கோமதி அம்மனின் ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சங்கர் ஊருக்கு வந்தான். முதல் வாரம் வீடே நிறைந்திருந்தது. பேச்சியம்மாள் புதிதாக அளவெடுத்து இரண்டு சட்டை தைத்தார். இரண்டாவது வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"சுவரப் பாத்துப் படுத்துட்டான் நர்ஸம்மா. வீட்டுக்கு வந்தும் இப்படிக் கெடக்கானே. அப்ப இது ஏக்கம் இல்லியா?"

"ஏக்கமும்தாம்மா. நோயும்தான். ரெண்டும் சேந்து இருக்கும்," என்றேன். போனேன்.

சங்கர் எழுந்து உட்கார்ந்தான். அவனிடம் நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அம்மாட்ட மட்டும் என்று நீ சொன்னதை நான் மீறினேன் என்றேன். தலையை ஆட்டினான். பிறகு அவனாகப் பேசினான்.

"அங்கன கெடந்தப்ப, ஊருக்கு வந்தாச் சரியாயிரும்னு ஒரு நம்பிக்க இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. இங்கன படுத்தா அந்தப் பனியும் பஸ்ஸு ஸ்டாப்பும் ஞாபகம் வருது. நான் எந்த ஊருக்கு ஏங்குதேன்னே தெரியல நர்ஸம்மா."

அறை வாசலில் கண்டக்டர் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ. பழைய ஆறுமுகமாக இருந்தால் உள்ளே வந்து நாலு வார்த்தை சொல்லியிருப்பார். அன்று நின்று கேட்டுவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார். வர வெகுநேரம் ஆயிற்று.

தர்ஷினி அங்கே காட்டிய டாக்டரோடு பேசினோம்; அவர் மருந்தின் அளவை மாற்றினார். அவன் எழுந்து நடமாடினான். முழுதாகச் சரியாகவில்லை. ஆனாலும் போய்ப் படிப்பை முடிக்கிறேன் என்றான். அது அவனே எடுத்த முடிவு.

கிளம்பிய அன்று காலை அவனை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். நானும் போயிருந்தேன். பேச்சியம்மாள் அழவில்லை, மகனின் காலர் பட்டனைப் போட்டுவிட்டு, மறுபடி கழற்றிவிட்டார். சங்கர் ஜன்னலோரம் உட்கார்ந்தான். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். கண்டக்டர் காக்கிச் சட்டையில் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"நல்லா இருக்கேன்னு சொல்லத்தான் போன் போடணும்னு இல்லல," என்றார். "நல்லா இல்லாத அன்னைக்கும் போடு."

"போடுதேன்பா."

"வண்டியில நின்னாலும் எடுப்பேன்."

அந்த வண்டிக்கு அவர் கண்டக்டர் இல்லை. ஆனாலும் போகலாம் என்று உள்ளங்கையால் அதன் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் நகர்ந்தது.